டிபி (டூர் புரோகிராம்) போடும் முன் ஒரு ஞாயிறை எடுத்து வையுங்கள்: சுற்றுகிற வேலையில் இருப்பவர்களுக்கு

மெடிக்கல் ரெப் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆன தம்பிகள் பலரும் என்னிடம் சொல்வது ஒன்றுதான். "அண்ணே, ஃபிரண்ட்ஸைப் பார்த்தே மாசக்கணக்கா ஆச்சு. ஒரு படம் பார்க்கக்கூட நேரமில்லை." நேரம் இருக்கிறது. ஆனால் மாதம் பிறந்த பிறகு தேடினால் கிடைக்காது. பிறக்கும் முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். மதுரையை ஹெட்குவார்ட்டர்ஸாக வைத்துக்கொண்டு தேனி, காரைக்குடி, ராமநாதபுரம் என்று சுற்றுகிறவன் நான். சினிமாவும் பள்ளிக்கூடக் காலத்து நண்பர்களும் இல்லையென்றால் இந்த வேலையில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். எப்படி மூன்றையும் சேர்த்து ஓட்டுகிறேன் என்பதை, மதுரைப் பக்கத்து உதாரணங்களோடு எழுதுகிறேன். உங்கள் ஊர் வேறாக இருந்தால் ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

டிபியில்தான் எல்லாம் தொடங்குகிறது

டூர் புரோகிராமை பெரும்பாலானவர்கள் கடனுக்குப் போடுகிறார்கள். மேனேஜர் இரண்டு தடவை போன் செய்த பிறகு, போன மாதத்து டிபியைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு தாள்தான் நீங்கள் அடுத்த முப்பது நாளும் எந்த ஊரில் தூங்கப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. அதற்கு ஒரு மாலைப்பொழுதை முழுதாகக் கொடுங்கள்.

முதலில் மாதத்தின் போக்கைப் பாருங்கள். முதல் வாரம் ஸ்டாக்கிஸ்ட்டிடம் (மருந்து மொத்த வியாபாரியிடம்) ஸ்டேட்மென்ட் வாங்குவது, எக்ஸ்பென்ஸ் போடுவது, போன மாத விற்பனைக்குப் பதில் சொல்வது என்று போய்விடும். கடைசி வாரம் குளோசிங், அதாவது மாத விற்பனைக் கணக்கை முடிப்பது. ஸ்டாக்கிஸ்ட் கடையில் உட்கார்ந்து ஆர்டருக்காகப் பேசிக்கொண்டிருப்போம், போன் அடித்தாலே டார்கெட் பேச்சுதான். அந்த வாரத்தில் எந்த நண்பனுக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். போனாலும் மனசு அங்கே இருக்காது, கூட இருப்பவர்களுக்கும் அது தெரியும். ஆக, 8-ஆம் தேதியிலிருந்து 22-ஆம் தேதி வரைதான் நமக்கான நாட்கள். அதில் இரண்டு ஞாயிறு கண்டிப்பாக வரும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று நண்பர்களுக்கு.

அந்த ஞாயிறைக் குறித்த பிறகுதான் ஊர்களைப் போட வேண்டும். நண்பர்களோடு சேரும் ஞாயிறுக்கு முந்தைய சனியும் அடுத்த திங்களும் ஹெட்குவார்ட்டர்ஸ். வெளியூரில் தங்கிப் பார்க்கிற அவுட் ஸ்டேஷனை செவ்வாய், புதன், வியாழனில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மேலூர், திருமங்கலம் மாதிரி காலையில் போய் இரவு வீடு திரும்புகிற எக்ஸ் ஸ்டேஷன். இந்த அடுக்கு கலையாமல் இருந்தால் சனி இரவு எட்டு மணிக்கு நீங்கள் ராமநாதபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்க வேண்டி வராது.

இதில் மேனேஜர் குறுக்கே வருவார். அவருக்கும் டிபி உண்டு, சில நாள் நம்மோடு சேர்ந்து டாக்டர்களைப் பார்க்க வருவார், அதுதான் ஜாயின்ட் வொர்க். உங்களுடையதை அனுப்பும் முன், "சார், அடுத்த மாசம் ஜாயின்ட் வொர்க்குக்கு எந்தத் தேதி வர்றீங்க?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அவர் தேதி சொன்னால் அதை முதலில் உட்கார வைத்துவிட்டு மற்றதைப் போடலாம். "அதுக்குள்ள என்னப்பா அவசரம்" என்றால், உங்களுக்கு வசதியான இரண்டு தேதிகளை நீங்களே சொல்லுங்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்வார். என் அனுபவத்தில் மேனேஜர்கள் டிபியை மாற்றச் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் அவர்களிடம் கேட்காததுதான்.

முகூர்த்தங்களையும் பாருங்கள். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் ஞாயிறு பாதி கல்யாணத்துக்குப் போய்விடும். நண்பர்களைக் கல்யாண மண்டபத்தில் பார்ப்பது ஒரு சந்திப்பே இல்லை, பந்தியில் உட்கார்ந்து "அப்புறம், எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வருவோம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. எங்கள் குழு அதிகமாகச் சேர்வது அந்த இரண்டு மாதங்களில்தான். எங்காவது ஒருநாள் வெளியே போவது என்றாலும் அப்போதே வைத்துக்கொள்கிறோம்.

தேனி லைன் ஒரு நாள்

பயணம் உடம்பைத் தின்றுவிட்டால் அப்புறம் ஞாயிறு இருந்தும் பயனில்லை. படுத்துத் தூங்கத்தான் தோன்றும். அதனால் பயணத்தைச் சரி செய்வது மிக முக்கியம்.

தேனி லைனையே எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி இரண்டு மணி நேரம். 2022-இல் தேனி வரைக்கும், 2023-இல் போடி வரைக்கும் மறுபடி ரயில் வந்துவிட்டது. காலையில் மதுரையில் கிளம்பி மாலையில் திரும்பும் வண்டி அது. எல்லா நாளும் நமக்குப் பொருந்தாது, ஏனென்றால் தனியார் கிளினிக்குகள் சூடுபிடிப்பதே மாலை ஆறு மணிக்குத்தான். ஆனால் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி டாக்டர்களைப் பார்க்கும் நாளுக்கு இந்த ரயில் நல்ல துணை. ஓபி காலையில். மதியத்துக்குள் முடித்துவிட்டு, தேனியில் கெமிஸ்ட்டுகளையும் ஸ்டாக்கிஸ்ட்டையும் பார்த்துவிட்டு, மாலை ரயிலில் உட்கார்ந்து வந்தால் அன்று இரவு உங்களுடையது. பஸ்ஸில் வந்தால் முதுகு வலிக்கும், ரயிலில் வந்தால் முகம் கழுவிவிட்டு நண்பன் வீட்டுக்குப் போகலாம். இந்த வித்தியாசம் சின்னதில்லை.

மாலை கிளினிக் பார்க்கும் நாளில் தங்கிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பைக்கில் கணவாய் ஏறி மதுரை வர வேண்டாம். டிஏ (தினப்படி) மிச்சம், லாட்ஜ் வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மிச்சத்தை நான் ஏற்பதில்லை. இந்தத் தொழிலில் ராத்திரி ரோட்டில் போனவர்களின் பெயர்களை எல்லா ஊர் ரெப்புகளும் சொல்வார்கள்.

கிளினிக் வாசலில் ஒரு சின்ன போர்டு தொங்கும், பார்த்திருப்பீர்கள். "மருந்து விற்பனைப் பிரதிநிதிகள்: செவ்வாய், வெள்ளி இரவு 9 மணிக்கு மேல்." சில இடங்களில் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி செல்லோடேப் ஒட்டியிருக்கும், சில இடங்களில் ரிசப்ஷன் அக்கா வாயால் சொல்வதோடு சரி. இவற்றை ஊர்வாரியாக, கிழமைவாரியாக போனில் ஒரே இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் விசிட்டிங் டாக்டர்களின் நாளும் அதில் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு டிபி போட்டால் ஒரே ஊருக்கு மாதத்தில் மூன்று முறை போவது இரண்டாகக் குறையும். கால் ஆவரேஜும், அதாவது ஒரு நாளில் சராசரியாகப் பார்க்கிற டாக்டர்களின் எண்ணிக்கையும், குறையாது. மிச்சமாகிற அந்த ஒரு நாள்தான் உங்களுக்கு நண்பர்களும் சினிமாவும்.

மதிய இடைவெளி

காலை ஓபி இரண்டு மணிக்கு முடிந்தால் அடுத்த டாக்டர் ஐந்து, ஐந்தரைக்குத்தான். இந்த மூன்று மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் இரவு நிம்மதி இருக்கிறது. சிலர் மேட்னிக்குப் போவார்கள். நான் போவதில்லை. படம் பிடித்திருந்தால் பாதி மனசோடு ஆறு மணிக்கு டாக்டர் முன் நிற்போம், பிடிக்காவிட்டால் இன்னும் மோசம். தவிர, அந்த நேரத்தில் திடீரென்று "எங்கே இருக்கீங்க?" என்று போன் வந்தால் தியேட்டர் இருட்டில் பொய் சொல்ல வேண்டி வரும். நான் நேசிக்கிற ஒன்றைப் பயந்து பயந்து பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மதியம் சாப்பிட்டவுடன் முதல் வேலையாக காலைக் கால்களுக்கான (டாக்டர் சந்திப்புகளுக்கான) ரிப்போர்ட்டை ஆப்பில் ஏற்றிவிடுங்கள். எந்த டாக்டர், என்ன பேசினோம், என்ன சாம்பிள் கொடுத்தோம் என்பது அப்போது நினைவில் சூடாக இருக்கும். பத்து நிமிடம் போதும். இதையே இரவு பதினொரு மணிக்குச் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும், பாதி மறந்திருக்கும். அப்புறம் ஸ்டாக்கிஸ்ட்டுக்குப் போன். அப்புறம் முக்கால் மணி நேரத் தூக்கம். தங்கும் நாளில் லாட்ஜ் அறையை மதியமே எடுத்துவிடுவது இதற்காகத்தான். மாலைக் கால்களை கிளினிக் பெஞ்சில் காத்திருக்கும்போதே ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டால், கடைசி டாக்டரைப் பார்த்து வெளியே வரும்போது அன்றைய வேலை முழுதாக முடிந்திருக்கும். மீட்டிங்கில் மட்டுமே ரிப்போர்ட் பற்றிப் பேசுகிறோம். உண்மையில் அந்த ரிப்போர்ட்தான் நம் இரவைத் திருடுகிறது.

படம் பார்ப்பது

அவுட் ஸ்டேஷன் இரவில் செகண்ட் ஷோ எனக்கு மிகப் பிடித்த விஷயம். தேனியிலும் கம்பத்திலும் தியேட்டர் இருக்கிறது. ஒன்பதரைக்குக் கடைசிக் கால் முடிந்தால், இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு நடந்தே போய் உட்கார்ந்துவிடலாம். செவ்வாய், புதன் இரவில் கூட்டம் இருக்காது. ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், முன்வரிசையில் கால் நீட்டிக்கொண்டு. நகைச்சுவைக்கு யாராவது ஒருவர் மட்டும் சத்தமாகச் சிரிப்பார், அவரைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். பெரிய மாலில் பார்ப்பதை விட எனக்கு இது நெருக்கமாக இருக்கிறது. இரண்டு நிபந்தனை: லாட்ஜ் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், மறுநாள் காலை முதல் கால் பத்து மணிக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அறைக்குப் போய்த் தூங்குங்கள்.

லாட்ஜில் போனில் பார்ப்பதென்றால், படத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையோர ஊர்களில் இரவு நெட் இழுத்து இழுத்து வரும், கோபம்தான் மிஞ்சும். அப்புறம், இடைவேளையில் நிறுத்துங்கள். நம் படங்களில் இடைவேளை என்று ஒன்றை வைத்துத்தான் திரைக்கதையே எழுதுகிறார்கள். முதல் பாதி இன்றைக்கு, இரண்டாம் பாதி நாளைக்கு என்று பார்த்தால் படமும் கெடாது, தூக்கமும் கெடாது. அடுத்து என்ன என்று நாள் முழுக்க மனசு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து அப்படி யோசிப்பது நல்ல பொழுது.

எந்தப் படத்தை எங்கே பார்ப்பது என்பதற்கும் ஒரு முறை வேண்டும். இப்போதெல்லாம் பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. சின்னப் படம் என்றால் இரண்டாவது வெள்ளிக்கிழமையே தியேட்டரை விட்டுப் போய்விடும். ஆகவே சின்னப் படத்தைத் தனியாக, வந்த வாரமே, இருக்கிற ஊரில் பார்த்துவிடுங்கள். நம் டிக்கெட் காசு அவர்களுக்குத்தான் அதிகம் உதவும். பெரிய நடிகர் படம் மூன்று வாரமாவது ஓடும். அதை நண்பர்களுடன் பார்க்கும் ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முதல் காட்சி பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள், ரிலீஸ் தேதி அறிவித்ததுமே அந்த வெள்ளியை ஹெட்குவார்ட்டர்ஸ் ஆக்கி, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். தமிழ்நாட்டில் முதல் காட்சி ஒன்பது மணிக்குத்தான் தொடங்குகிறது என்பதால் விடியற்காலைக் காட்சி பார்த்துவிட்டு வேலைக்குப் போகிற பழைய வழி இப்போது நடக்காது. தீபாவளி, பொங்கல் படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, எல்லோரும் ஊரில்தான் இருப்போம்.

நண்பர்கள்

இந்த வேலையில் இரண்டு வகை நண்பர்கள். லைனில் கிடைப்பவர்கள் ஒரு வகை. வேறு வேறு கம்பெனி, ஒரே மருந்துக்குப் போட்டி, ஆனால் ஒரே பெஞ்சில் காத்திருக்கிறோம். இவர்களோடு டிபியை ஒத்துப்போக வைத்துக்கொள்வது பெரிய உதவி. கம்பத்துக்கு நாலு பேர் ஒரே நாளில் போனால் ஒரு காரில் போகலாம், அறையை இரண்டு பேராகப் பகிரலாம், செகண்ட் ஷோவுக்குத் துணை கிடைக்கும். என் போட்டிக் கம்பெனிக்காரர் ஒருவரோடு நான் பார்த்த படங்கள் என் சொந்த அண்ணனோடு பார்த்ததை விட அதிகம். எங்களுக்குள் ஒரே ஓர் ஏற்பாடு: சாப்பாட்டு மேசையில் டாக்டர் பேச்சும் டார்கெட் பேச்சும் கிடையாது.

இன்னொரு வகை, வேலைக்கு வெளியே இருக்கிற பழைய நண்பர்கள். எங்கள் குழுவில் ஒருவன் பேங்கில், ஒருவன் ஃபிளெக்ஸ் கடை, ஒருவன் பள்ளி ஆசிரியர், ஒருவன் அப்பாவின் பலசரக்குக் கடையைப் பார்க்கிறான். நம் வேலையின் நேரம் இவர்களுக்குப் புரியாது. புரிய வைக்க வேண்டியதும் இல்லை. டிபி ஒப்புதல் வந்த அன்றே குழுவில் ஒரு வரி போடுங்கள்: "14-ஆம் தேதி ஞாயிறு நான் ஊரில் இருக்கேன், காலை ஷோ." ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நாம். அதனால் கூப்பிடுகிறவனும் நாமாகத்தான் இருக்க வேண்டும். "இவன் எப்பவும் வெளியூர்லதான் இருப்பான்" என்று நினைத்துவிட்டால் கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

ஏன் காலைக் காட்சி? சனி இரவுக் காட்சியைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். குழந்தை உள்ளவனால் வர முடியாது, கடைக்காரன் பத்து மணிக்குத்தான் ஷட்டர் இறக்குவான், நாம் ஆறு நாள் அலைந்த களைப்பில் இடைவேளைக்குப் பிறகு கண்ணயர்வோம். ஞாயிறு காலை என்றால் எல்லோரும் குளித்து, சட்டை மாற்றி, தெளிவாக வருவார்கள். மதியம் படம் விட்டதும் நேராக ஒரு சாப்பாட்டுக் கடை. பரோட்டா, கறிதோசை என்று இலை நிரம்ப வாங்கிக்கொண்டு, படத்தை அக்கு அக்காகப் பிரிப்போம். பேங்க்காரனுக்குக் கதையில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியருக்கு வசனம், கடைக்காரனுக்குச் சண்டை. எனக்கு இந்தப் பேச்சுதான் படத்தின் மூன்றாவது பாதி. நாலு மணிக்கு வீட்டில் இருந்தால் மாலையில் மனைவி, குழந்தைகளோடு தெப்பக்குளம் போய் வரலாம். யாருக்கும் மனக்குறை இல்லை.

யாரோ ஒருவர் வர முடியாமல் போவது நடக்கும். அதற்காகத் தேதியைத் தள்ளாதீர்கள். மூன்று பேர் வந்தாலும் போங்கள். ஒருமுறை தள்ளினால் அடுத்த தேதி தேடவே மாதம் ஓடிவிடும். படத்தின் முடிவை வராதவனிடம் சொல்வதில்லை என்பது மட்டும் எங்கள் குழுவில் கறாரான விதி.

லீவும் சென்னை மீட்டிங்கும்

லீவு கேட்கக் கூச்சப்படாதீர்கள். நம்மைப் போன்ற விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்று 1976-இலேயே தனிச்சட்டம் வந்தது. வேலை செய்த காலத்தில் பதினொன்றில் ஒரு பங்கை முழுச் சம்பளத்தோடு விடுப்பாகத் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். மூத்தவர்கள் சங்கம் வைத்துப் போராடி வாங்கியது அது. காலாவதியாக விட்டுவிட்டு வருட முடிவில் புலம்புவதை விட, மாதத்தின் நடுவில், டிபியோடு சேர்த்தே எழுதிக் கொடுங்கள். குளோசிங் வாரத்தில் கேட்டால் கிடைக்காது. 15-ஆம் தேதி வாக்கில், இரண்டு வாரம் முன்பே கேட்டால் மறுக்கிற மேனேஜரை நான் அதிகம் பார்த்ததில்லை.

சென்னையில் மீட்டிங் என்றால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கல்லூரி நண்பர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். மீட்டிங் சனியோடு முடிகிறதா என்று சுற்றறிக்கை வந்ததும் பாருங்கள். முடிகிறது என்றால் எல்லோரோடும் சேர்ந்து சனி இரவே டிக்கெட் போடச் சொல்லாதீர்கள். உங்களுக்கு ஞாயிறு இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் போடச் சொல்லுங்கள். கட்டணம் அதேதான் என்பதால் ஆபீஸில் யாரும் கேள்வி கேட்பதில்லை. பாண்டியனில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் தேதி தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும். சனி இரவு நண்பன் வீட்டில் தங்கல், ஞாயிறு ஒரு படம், மாலையில் கடற்கரை. திங்கள் விடியலில் மதுரை. அன்றைய டிபியில் ஹெட்குவார்ட்டர்ஸ் என்று போட்டிருக்க வேண்டும், முதல் கால் பதினொரு மணிக்கு மேல் பார்க்கிற டாக்டராக இருக்கட்டும்.